தகடூர்த் தந்தை: அதியமான் பாட்டுக்களில் வினையும் மனையும்

மக்கள் வாழ்வு வினை, மனை என்னும் இரண்டனையும் பற்றி இயங்குவது. வினையின்றி மனை நிரம்பாது. மனையை மறந்தார்க்கு வினை இனிதாகாது. இரண்டனையும் ஒருங்கே ஏற்றவர், ஒன்றைப் பேணும்பொழுது மற்றொன்று குறைவுபடக் கண்டு வருந்துவர். ஆலைச் சங்கும் அலுவலகக் கடிகாரமும் தோன்றிய பின்னரே இவ்வருத்தம் தோன்றியது எனக் கருதுவார் உளர். சங்கப் பாட்டுக்களை ஊன்றிக் கற்பார்க்கு அக்கருத்து உடன்பாடாகாது. மகவைப் பெற்ற ஒருவன் தன் கடமைக்கு நடுவே அம்மகவை எங்ஙனம் நோக்கினான் என்பதனைப் புறநானூறு ஓரிடத்தில் வெளிப்படையாகவே காட்டுகின்றது. அவ்விடம், அதியமான் நெடுமான் அஞ்சியை ஔவையார் பாடிய 100-ஆம் பாட்டாகும். அதனையும் அதனோடு உறவுடைய சில பாட்டுக்களையும் ஈண்டு ஆராய்வாம்.

அதியமானது ஊர் தகடூர். அஃது இன்றைய தருமபுரி. சேலம் மாவட்டத்தினின்றும் 1965-இல் பிரிக்கப்பெற்ற தருமபுரி மாவட்டம், 2004-இல் கிருட்டிணகிரி தனி மாவட்டமாயபின் இன்றைய எல்லையைப் பெற்றது. நகர்க்கு அருகில் உள்ள அதியமான்கோட்டை என்னும் ஊர்ப்பெயர் அக்குடியின் நினைவை இன்றும் தாங்கி நிற்கின்றது. நெடுமான் அஞ்சி புலவர் புகழ்ச்சியில் மட்டும் வாழ்பவன் அல்லன். திருக்கோவலூர்ப் பக்கத்துச் சம்பை என்னும் ஊரில் 1981-இல் கண்டறியப்பெற்ற தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, அவன் பெயரைத் தெளிவாகத் தருகின்றது. அசோகன் கல்வெட்டுக்களிற் காணும் சத்தியபுத்திரர் என்னும் குடிப்பெயரோடு இணைத்தும் தருகின்றது. எனவே யாம் ஆராயப் புகும் தந்தை வரலாற்றில் வாழ்ந்த ஒருவன் என்பது முதற்கண் நினைவிற்கொள்ளத் தகும்.

புறநானூற்றில் 87 முதல் 104 வரை அமைந்த 18 பாட்டுக்களும் ஔவையார் பாடியன. அவற்றுள் 96, 102 என்னும் இரண்டும் அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பற்றியன. ஏனையவை அஞ்சியைப் பற்றியன. ஒரு குடியின் தந்தையையும் மகனையும் ஒரு புலவரே பாடிய பாட்டுக்கள் இங்ஙனம் அடுத்தடுத்து அமைந்து கிடப்பது ஆராய்வார்க்குப் பெரும்பேறு. ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். இவ்வரிசை தொகுத்தோர் அமைத்த வரிசை. நிகழ்ச்சிகளின் காலவரிசை எனக் கொள்ளுதற்குச் சான்றில்லை. ஆதலின் ஒரு பாட்டிற்கும் மற்றொரு பாட்டிற்கும் யாம் காட்டும் உறவு, பொருளாலும் உவமையாலும் அமைந்த உறவேயன்றி முன்பின் என்னும் காலத்தால் அமைந்ததன்று.

அகமரபு வகுத்த வழி

வினையும் மனையும் அகப்பாட்டுக்களில் எங்ஙனம் நிற்கின்றன என்பதனை முதற்கண் அறிதல் வேண்டும். குறுந்தொகை 135-ஆம் பாட்டில் பாலை பாடிய பெருங்கடுங்கோ, ஆடவர்க்கு உயிராவது வினை என்றும், மனையுறை மகளிர்க்கு உயிராவார் அவ்வாடவரே என்றும் தோழி வாயிலாகக் கூறுகின்றார். ஓருயிர் வினையின்கண் உளது; மற்றோருயிர் அவ்வினை செய்வான்கண் உளது. அகத்திணையின் பிரிவுத் துன்பம் முழுவதும் இவ்வமைப்பினின்று எழுவதே.

இதற்கு அகமரபு கண்ட தீர்வு முல்லை. வினை ஓரிடத்தது, மனை மற்றோரிடத்தது, இரண்டற்கும் இடையே ஒரு வழி உளது. வினைமுடித்த தலைவன் தேர்ப்பாகனை விரைவுபடுத்துகின்றான். கார்காலம் தொடங்குகின்றது. தேர் மனைவாயிலை அடைந்ததும் வினை முற்றும் நீங்கிவிடுகின்றது. ஐங்குறுநூற்று முல்லையில் பேயனார் பாடிய 401-ஆம் பாட்டு அம்மனையின் உட்புறத்தைக் காட்டும். குட்டியை நடுவிற் கொண்ட மான்களைப்போலப் புதல்வன் இடையே கிடப்பத் தாயும் தந்தையும் துயிலும் காட்சியைச் செவிலி கண்டு மகிழ்ந்து கூறுகின்றாள். அத்தந்தை என்ன வினை செய்து மீண்டான், எவ்வளவு களைத்தான், மீண்டும் எந்நாள் செல்வான் என்னும் வினாக்களுக்கு அங்கு இடமில்லை.

அகத்திணை வாழ்வின் நிரம்பிய நிலையைப் பாடுவது. ஆதலின் அத்தீர்வு அதற்குப் பொருந்தும். ஆனால் வாழ்வில் வினையும் மனையும் அங்ஙனம் வழியொன்றால் பிரிக்கப்பட்டு நிற்பதில்லை. வினை மனைக்குள் வந்துவிடுகின்றது; வருவானது உடம்பிலும் நெஞ்சிலும் ஒட்டிக்கொண்டே வருகின்றது. பெயர் சுட்டி ஒருவனைப் பாடும் புறத்திணை இதனை மறைக்க வேண்டுவதில்லை. ஔவையார் மறைக்கவில்லை.

சிவப்பு மாறாத கண்

100-ஆம் பாட்டின் நிகழ்ச்சி, தனக்குப் பிறந்த தவமகனை அதியமான் வந்து கண்டமை. தவமகன் என்னும் சொல் கருதத்தக்கது. நெடுநாள் வேண்டிப் பெற்ற மகன் என்னும் குறிப்பு அதன்கண் உளது. அவ்வளவு வேண்டிப் பெற்ற மகனை முதன்முதற் காண்பவன் எக்கோலத்தில் நிற்கின்றான்? கையில் வேல்; காலில் கழல்; மெய்யில் வியர்வை; மிடற்றில் ஆறாத புண். சுருண்ட தலைமயிரில் பனந்தோட்டோடு வெட்சியும் வேங்கையும் கலந்து சூடிய கண்ணி. புலியொடு பொருத களிற்றைப்போல அவன் சினம் இன்னும் அடங்கவில்லை. பகைவரை நோக்கிச் சிவந்த கண், தன் மகனை நோக்கியபொழுதும் அச்சிவப்பு நீங்காதாயிற்று என்பதோடு பாட்டு முடிகின்றது.

இப்பாட்டினை வீரத்தின் பெருமை கூறுவதாகவே கொள்ளுதல் வழக்கு. மகனைக் காணும் மகிழ்ச்சியும் தணிக்கமாட்டாத சினம் என்றால் அச்சினத்திற்கு இலக்கானோர் உய்யார் என்பது கருத்து. பாட்டும் அதனை வெளிப்படையாகக் கூறுகின்றது. இவ்வுரையினை யாம் மறுக்கவில்லை. ஆயின் இஃதொன்றே பாட்டின் பொருளாயின், மகனை இதனுட் கொண்டுவர வேண்டுவதில்லை. கள்ளும் பாணர் பாட்டும் விழவும் தணிக்கமாட்டாத சினம் என்று கூறினும் அப்பெருமை தோன்றும். சினத்தை அளத்தற்கு ஔவையார் தேர்ந்துகொண்ட அளவுகோல் ஒரு பச்சிளங்குழவி. எதனால் ஒன்றை அளக்கின்றோமோ அதன் மதிப்பும் அவ்வளவினால் வெளிப்படும். மகனை நோக்கும் கண் இயல்பாகச் சிவப்பு நீங்குவது என்பது இங்குச் சொல்லாமலே உடன்படப்பட்டது. அது நீங்காமை வியப்பாயிற்று. வியப்பின் அடியில் ஓர் இரக்கமும் கிடக்கின்றது.

பாட்டின் அமைப்பும் இதற்குத் துணை செய்யும். ஔவையாரது நோக்கு கையிலிருந்து காலுக்குச் செல்கின்றது, மெய்க்கும் மிடற்றிற்கும் ஏறுகின்றது, தலையை அடைகின்றது, ஈற்றில் கண்ணிற்கு வருகின்றது. கண்ணிற்கு முன் கூறப்பட்டன யாவும் வினையின் அடையாளங்கள். வேலை இறக்கி வைக்கலாம்; கழலைக் களையலாம்; வியர்வையைத் துடைக்கலாம்; கண்ணியை அகற்றலாம்; புண்ணும் நாளடைவில் ஆறும். கண்ணின் சிவப்பினை அங்ஙனம் களைதல் இயலாது. புறத்தே நின்ற வினை படிப்படியாக அகத்தே நுழைந்து கண்ணில் தங்கிவிட்ட நிலையினை இவ்வடுக்கு காட்டுகின்றது. முல்லைத் தலைவன் வினையை வாயிலிலே விட்டு வந்தான். தகடூர்த் தலைவனால் அஃது இயலவில்லை.

குழவியைப் பற்றிப் பாட்டு யாதும் கூறாமையும் நோக்கத்தக்கது. அதன் நிறம், அழகு, அழுகை, சிரிப்பு ஒன்றும் இல்லை. அது நோக்கப்படும் பொருளாக ஈற்றில் வந்து நிற்கின்றது, அவ்வளவே. தந்தையின் கண் அதனை முழுதும் கண்டதோ என்னும் ஐயம் கற்பார்க்கு எழுகின்றது. அவ்வையத்தை ஔவையார் எழுப்பினாரோ, எழுந்ததோ என்பது வேறு. வாழ்த்துப் பாட்டில் புலவர் தலைவனைப் பழிக்கின்றார் எனக் கொள்ளுதல் மிகையாகும். கண்டதைக் கண்டவாறே கூறினார் என்பதே அமைவுடைத்து.

இருவகைக் களிறு

ஔவையார் இக்குறையினை அறிந்திருந்தார் என்பதற்கு அவர் பாடிய பிறிதொரு பாட்டுச் சான்றாகும். 100-ஆம் பாட்டில் அதியமான் புலியொடு பொருத களிறு. 94-ஆம் பாட்டில் அவனே நீர்த்துறையில் படிந்து கிடக்கும் களிறு. ஊர்ச்சிறுவர் வந்து அதன் வெண்கோட்டினைக் கழுவுகின்றனர். அது பொறுத்துக் கிடக்கின்றது. எமக்கு அக்களிறுபோல் இனியை, பகைவர்க்கு மதம்பட்ட களிறுபோல் இன்னாய் என்று புலவர் கூறுகின்றார். விலங்கு ஒன்றே, நிலை இரண்டு.

இவ்விரு பாட்டுக்களையும் ஒருங்கு வைத்துக் காண்பார்க்கு ஓர் உண்மை புலனாகும். களிற்றின் வன்மைக்கு உறைவிடமாகிய கோடே சிறுவர் கை தீண்டும் இடமாகவும் அமைகின்றது. போர்க்களத்து மண்ணும் குருதியும் படிந்த அக்கோட்டினைக் கழுவுவோர் சிறுவரே. களிறு தானே கழுவிக்கொள்வதன்று. அது செய்யவேண்டுவது ஒன்றே: நீரில் இறங்கி, அசையாது கிடத்தல். 100-ஆம் பாட்டின் களிறு இன்னும் துறைக்கு வரவில்லை. புலியின் மணம் நீங்காமல் மகன்முன் நிற்கின்றது.

துறையில் இறங்கிய தந்தையின் நிலை எத்தகையது என்பதனை 92-ஆம் பாட்டிற் காணலாம். மழலைச்சொல் யாழிசையோடு ஒவ்வாது, காலத்தோடு பொருந்தாது, பொருள் விளங்குதலும் இல்லை. ஆயினும் அது தந்தையர்க்கு அருளைத் தோற்றுவிக்கும். என் சொல்லும் அத்தகையதே, பகைவர் அரண் பலவற்றை வென்ற நீ எனக்கு அருளுதலால் என்று ஔவையார் அஞ்சியை நோக்கிக் கூறுகின்றார். இம்மூன்று குறைகளுள் நடுவண் வைத்த காலம் பொருந்தாமை நம் ஆராய்ச்சிக்கு உரியது. குழவி பேசும் நேரம் தந்தைக்கு வாய்ப்பான நேரமாய் அமைவதில்லை. அரசியற் சுற்றம் சூழ இருக்கும்பொழுதும், தூதன் வந்து நிற்கும்பொழுதும், துயில் வரும்பொழுதும் அது பேசும். பொழுதறிந்து பேசுக என்று அதற்குக் கற்பித்தல் இயலாது. அருளுடையான் தன் பொழுதை அதற்கு நெகிழ்த்துக்கொடுப்பான். தந்தைமையின் இலக்கணம் இதனினும் சுருக்கமாகவும் தெளிவாகவும் கூறப்பட்ட இடம் சங்கநூல்களில் அரிது.

அரண் பல வென்றவன் என்னும் அடைமொழியும் ஈண்டு வறிதே நிற்பதன்று. அரண் வெல்வானுக்குப் பொழுது அருமையுடையது. அவ்வருமையுடையான் பொழுதொடு பொருந்தாத சொற்குச் செவி கொடுத்தான் என்பதே அருளின் அளவு. ஓய்ந்திருப்பவன் மழலை கேட்டல் எளிது. வினை மிக்கவன் கேட்டலே பாடுதற்கு உரித்தாயிற்று.

தாழ்த்தலும் காணாமையும்

வினை மிக்கவன் என்றும் இங்ஙனம் இருத்தல் கூடுமோ? கூடாது என்பதனையும் அதியமான் பாட்டுக்களே கூறுகின்றன. 206-ஆம் பாட்டில் அவன் பரிசில் தாராது காலம் நீட்டிக்கின்றான். ஔவையார் வாயில்காவலனை நோக்கிப் பேசுகின்றார். நெடுமான் அஞ்சி தன்னை அறியானோ, என்னை அறியானோ என்று வினவுகின்றார். யாழை எடுத்துக்கொண்டேம், கருவிப்பையைக் கட்டினேம் என்கின்றார். மழுவேந்திக் காடு புகும் தச்சன்சிறுவர்க்கு மரம் கிடைப்பதுபோல எத்திசைச் செல்லினும் எமக்குச் சோறு உளது என்று முடிக்கின்றார். நட்பில் உரிமையுடையார் சினக்கும் சினம் இது.

ஆனால் 101-ஆம் பாட்டு வேறு குரலில் ஒலிக்கின்றது. ஒருநாள் இருநாள் அல்ல, பலநாள் பலரோடு சென்றாலும் அவன் முதல்நாட் போன்ற விருப்பத்தோடே வரவேற்பான். பரிசில் பெறும் காலம் நீண்டாலும் நீளாதாயினும் அது யானை தன் கோட்டிடை வைத்த கவளம்போலக் கையிலுள்ளதே. தப்பாது என்று அதே புலவர் கூறுகின்றார். இரண்டனுள் எது முன்னது, எது பின்னது என ஆராய்தல் வேண்டா. காலத் தாழ்வு என்னும் குறை அதியமானிடத்து இருந்தது என்பதனை இரண்டும் உடன்படுகின்றன. அக்குறையினைப் பொறுத்தற்கு ஏது யாது என்பதனை 101-ஆம் பாட்டுக் கூறுகின்றது. முதல்நாட் போன்ற விருப்பம் மாறாது நிற்குமாயின் தாழ்த்தலைப் பொறுக்கலாம்.

பொறுக்கலாகாத குறை ஒன்று உளது. அதனைக் கூறுவது பெருஞ்சித்திரனார் பாடிய 208-ஆம் பாட்டு. மலையும் காடும் கடந்து அவர் அதியமானிடம் வந்தார். அவன் அவரைக் காணாமலே, இதனைக் கொண்டு செல்க என்று பரிசில் விடுத்தான். கொடைக்குக் குறைவில்லை, காலமும் தாழ்க்கவில்லை. ஆயினும் புலவர் கொள்ளவில்லை. காணாது தந்த பொருளைக் கொள்ளுதற்கு யான் வாணிகன் போன்ற பரிசிலன் அல்லேன். தகுதியளவு அறிந்து விரும்பித் தருவாராயின் தினையளவாயினும் அது இனிது என்று மறுத்தார்.

ஔவையாரது பொறுமையையும் பெருஞ்சித்திரனாரது மறுப்பையும் ஒருங்கு வைத்துக் காண்க. நோக்கு உளதாகக் காலம் தாழ்த்தவனை ஒருவர் பொறுத்தார். காலம் தாழாமல் நோக்கின்றிக் கொடுத்ததனை மற்றொருவர் தள்ளினார். இவ்விரண்டனாலும் அறியப்படுவது, அன்புடையார்க்கு ஒருவன் கடன்பட்டிருப்பது பொருளும் பொழுதும் மட்டும் அல்ல, நோக்கும் ஆம் என்பதே. 100-ஆம் பாட்டின் ஈற்றில் ஔவையார் கண்ணைக் கூறி நிறுத்தியதன் முழுப்பொருள் இதனோடு சேர்த்துக் காணும்பொழுதே விளங்குகின்றது. அதியமான் மகனருகே வந்துவிட்டான். அவன்மேல் நோக்கு இன்னும் முழுதும் வந்து சேரவில்லை.

பரிசிலர் வாழ்வும் தந்தை வாழ்வும் வேறன்றோ, ஒன்றன் இலக்கணத்தை மற்றொன்றற்கு ஏற்றலாமோ எனின், ஏற்றினார் ஔவையாரே என்க. தம் சொல்லை மழலையாகவும் அஞ்சியின் அருளைத் தந்தையின் அருளாகவும் 92-ஆம் பாட்டில் அவர் வைத்துக் காட்டினார். எனவே அவன் வாயிலில் புலவர் பெற்றதும் பெறாததும் அவன் மகன் பெற்றதற்கும் பெறாததற்கும் அளவாதல் பொருந்தும்.

தொலைவில் நின்று நோக்கிய தந்தை

208-ஆம் பாட்டினைப் பாடிய பெருஞ்சித்திரனாரும் ஒரு தந்தை. குமணனை அவர் பாடிய 160-ஆம் பாட்டில் தம் இல்லத்தைக் காட்டுகின்றார். உணவின்மையால் இல்லத்தை மறந்து திரியும் புதல்வன், பாலற்ற முலையைச் சுவைத்துப் பெறானாய்க் கூழும் சோறும் வேண்டி ஒவ்வொரு வெறுங்கலமாகத் திறந்து பார்த்து அழுகின்றான். தாய் புலி வருகின்றது என்கின்றாள், திங்களைக் காட்டுகின்றாள், எதனாலும் அவன் அடங்கவில்லை. பின், நின் தந்தையை நினைந்து நீ முகம் சுளிப்பது எங்ஙனம், காட்டுக என்று கேட்கின்றாள்.

அதியமான் பாட்டுக்களில் காணாத ஒன்றனை இப்பாட்டு நிரப்புகின்றது. 100-ஆம் பாட்டில் மகனை ஈன்ற தாய் இல்லை. தந்தை வினைமேற் சென்ற பொழுதெல்லாம் மனையின் சுமை யார் தலையில் நின்றது என்பது அங்குக் கூறப்படவில்லை. ஈண்டு அது கூறப்படுகின்றது. உணவின்மை, குழவியின் அழுகை, கணவன் இன்மை ஆகிய மூன்றையும் ஒருத்தி ஒரே பொழுதில் தாங்குகின்றாள். தாங்குதற்கு அவள் கையாளும் கருவி ஒரு விளையாட்டு. இல்லாத தந்தையை அவ்விளையாட்டினால் இல்லத்துக்குள் அழைத்துவருகின்றாள். அவனைச் சினக்கவேனும் அவன் அங்கு இருத்தல் வேண்டும் என்பது அவள் கண்ட உபாயம்.

இதனைப் பாடிய தந்தை அவ்விடத்து இல்லை. குமணனது வாயிலில் நின்று பாடுகின்றார். ஆயினும் மகன் திறந்த கலங்களின் வரிசையினையும், மனைவி கூறிய சொற்களின் வரிசையினையும் அவர் அறிவார். கண்டறியாதவன் இதனைக் கூறுதல் இயலாது. கண்டும் கருத்தில் கொள்ளாதவன் தொலைவில் நின்று நினைத்தல் இயலாது. தகடூர் அரசன் மகனுக்கு அருகில் நின்றான். அவன் கண்ணில் களம் இருந்தது. வறிய புலவர் மகனுக்குத் தொலைவில் நின்றார்; அவர் கண்ணில் மகன் இருந்தான். அருகும் தொலைவும் தந்தைமையை அளக்கும் அளவல்ல என்பது இவ்வொப்பீட்டினால் பெறப்படும்.

அங்ஙனமாயின் தொலைவு குற்றமின்று என்று கூறிவிடலாமோ எனின், கூறலாகாது. புலவரது நோக்கு எத்துணை நுண்ணிதாயினும் அதனால் குழவியின் பசி தீரவில்லை. அதன் அழுகையைத் தாயே தாங்கினாள். நோக்கு உடையான் தன் இன்மையின் விலையையும் அறிவான் என்பதே இப்பாட்டின் சிறப்பு. தம் புகழைக் கூறவேண்டிய அவையில் தம் மனைவியின் துயரத்தை அவர் முன்வைத்தது அவ்வறிவினாலேயாம்.

சேம அச்சு

இனி, வாழ்வில் நாள்தோறும் நேரும் இடையூறுகளுக்கு ஔவையார் கூறும் உவமையைக் காண்பாம். பொகுட்டெழினியைப் பாடிய 102-ஆம் பாட்டில் உமணரது உப்புவண்டி வருகின்றது. எருதுகள் இளையன, நுகத்தில் பழகாதன. வண்டியில் ஏற்றிய பாரமோ பெரிது. பள்ளத்தில் இறங்கும்பொழுதோ மேட்டில் ஏறும்பொழுதோ என்ன நேரும் என்பதனை அறிவார் யார்? இங்ஙனம் கருதிய உமணர் வண்டியின் அடிமரத்தில் சேம அச்சு ஒன்றனைக் கட்டிச் செல்வர். எழினி, நீ அதனைப் போன்றவன் என்பது பாட்டு.

தகடூர் நாட்டின் நிலம் அறிந்தார்க்கு இவ்வுவமை கூடுதற் சுவை தரும். அது கடலுக்குத் தொலைவான மேட்டுநாடு. உப்பு வெளியிலிருந்தே வருதல் வேண்டும். சேலத்திலிருந்து தருமபுரிக்கு ஏறும் தொப்பூர்க் கணவாய் வழியே சென்றார்க்கு, பாரவண்டியோட்டி மேட்டையும் பள்ளத்தையும் எவ்வளவு அஞ்சுவான் என்பதனை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

உவமையின் உறுப்புக்களை நோக்குக. பழகாத எருது, மிகுந்த பாரம், ஒழுங்கற்ற வழி ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தன. இம்மூன்றனுள் எதனையும் உமணரால் மாற்ற இயலாது. எருது பழகும்வரை வாணிகம் காத்திராது; பாரத்தைக் குறைப்பின் ஊதியம் இல்லை; வழியை அவர் வெட்டவில்லை. அச்சு முறியாது என்று அவர் நம்பவும் இல்லை. முறியும் என்று அஞ்சிப் புறப்படாமல் இருக்கவும் இல்லை. முறிந்தால் செய்யவேண்டுவதை முன்னரே செய்துகொண்டு புறப்பட்டனர். குடும்பம் தாங்குவானது அறிவும் இதுவே. இடையூறற்ற வழி ஒன்று உண்டு எனத் தேடுதல் வீண். இடையூற்றிற்கு ஒரு மாற்றைக் கட்டிவைத்துச் செல்லுதலே வினைத்திறம்.

குடிமக்களைத் தாங்கும் தலைவன் என்னும் பொருளிலேயே சேம அச்சு எழினிக்கு உவமையாயிற்று என்பது நேர்பொருள். தந்தையின் ஆட்சிச் சுமைக்கு மகன் துணையாதலையும் அது குறிக்கும் எனக் கொள்ள இடமுண்டு. அச்சு என ஒன்று உளதாயினன்றிச் சேம அச்சு எனப் பிறிதொன்று இல்லை. தந்தையாகிய அச்சுச் சுழலும்பொழுதே மகன் அடிமரத்தில் பிணைக்கப்பட்டுக் கிடக்கின்றான். 100-ஆம் பாட்டின் குழவியே இவ்வெழினி எனத் துணிதற்குப் பாட்டினுள் சான்று இல்லை. துணியாவிடினும், செங்கண் மாறாத் தந்தையையும் சேம அச்சாகிய மகனையும் ஒரு புலவரே ஒரு குடியில் கண்டார் என்பது உறுதி. வினைமிக்க தந்தையின் மகன், தந்தை கண்ணில் தங்கிய அவ்வினைக்கே ஒரு நாள் தோள் கொடுக்க நின்றான். இதனைத் தந்தையின் வெற்றி என்று கூறலாம். மகன் இளமையிலேயே நுகத்தடியில் பிணிக்கப்பட்டான் என்றும் கூறலாம். உவமை இரண்டற்கும் இடந்தருகின்றது.

முடிவு

பாரவண்டி என்றும் ஓடுவதில்லை. தகடூர், பெருஞ்சேரல் இரும்பொறையால் எறியப்பட்டது. பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் அவனைப் பாடியவர் அரிசில் கிழார். அவரே தகடூர்ப் போரில் வீழ்ந்த எழினிக்கு இரங்கிப் புறநானூற்று 230-ஆம் பாட்டினையும் பாடினார். எழினி என்னும் பெயர் அக்குடியில் ஒருவர்க்கே உரியதன்று. ஆதலின் அவன் யாவன் என்னும் ஆராய்ச்சியுள் யாம் புகவில்லை. நமக்கு வேண்டுவது அவர் கூறிய உவமை. எழினி களத்தில் விழ, அவன் சுற்றத்தார் பெற்றோர் விட்டுநீங்கிய குழவிபோல ஆங்காங்கே கலங்கினர் என்கின்றார். வென்றவனைப் பாடிய புலவரே தோற்ற குடியின் துயரத்தைக் கூறப் புகுந்தபொழுது, பெற்றோரை இழந்த குழவியினும் பெரிய உவமை அவர்க்குக் கிடைக்கவில்லை. குழவியை நோக்கிய கண்ணில் தொடங்கிய தகடூர் வரலாறு, நோக்குவாரை இழந்த குழவியின் உவமையோடு புலவர் வாயில் முடிவது எண்ணத்தக்கது.

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. அகமரபு வினையையும் மனையையும் இடத்தால் பிரித்துத் தீர்வு கண்டது. அதியமான் பாட்டுக்கள் அவை ஓருடம்பில் கலந்து நிற்கும் நிலையினைக் காட்டின. அந்நிலையில் தந்தையை அளக்கும் அளவு அவன் செலவிட்ட பொழுதோ கொடுத்த பொருளோ அன்று, அவன் நோக்கு. நோக்கு உளதாயின் காலத் தாழ்வு பொறுக்கப்படும். அஃது இன்றேல் பெருங்கொடையும் தள்ளப்படும். வினையின் சிவப்பு கண்ணை விட்டு நீங்குதல் எளிதன்று என்பதனை ஔவையார் மறைக்காது கூறினார்; துறையில் இறங்கிக் கிடக்கும் களிற்றினைக் காட்டி அது நீங்கும் வகையினையும் குறித்தார்.

100-ஆம் பாட்டினை வீரப் பாட்டு என்று மட்டும் கற்பித்து அமைதல் இனியும் போதாது என்பது எம் கருத்து. தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர்களிலிருந்து பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலை நாடிச் செல்லும் தாய்தந்தையர் இன்று பலர். பாட்டன் பாட்டியரிடம் விட்டுவந்த மகவைத் திருநாட்காலத்தில் காண அவர்கள் ஊர் திரும்புகின்றனர். கையில் பரிசிற்பொருள் இருக்கின்றது. கண்ணில் வேலையின் களைப்பும் இருக்கின்றது. அம்மக்களுள் ஒருவர் நாளை நம் வகுப்பில் அமர்ந்து இப்பாட்டினைக் கற்கக்கூடும். அவர்க்கு இதன் ஈற்றினை விளக்கும் உரையாசிரியர் வேண்டுவதில்லை. அவர் அறிந்ததனை நாமும் அறிந்து கற்பித்தல் வேண்டும்.